அருவியும் ஓய்வு எடுக்கிறது!

சாரல் அடிக்கிறது. பேரருவி பேரிரைச்சலோடு கொட்டுகிறது. ஐந்தருவி ஐந்து கிளையாகப் பிரிந்து பாய்கிறது. பழைய குற்றாலத்துப் பாதையிலே வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. நெல்லையிலிருந்து, மதுரையிலிருந்து, சென்னையிலிருந்து, மலைக்கு அப்பால் கொல்லத்திலிருந்து மக்கள் வந்து குவிகிறார்கள். ஆண்டு முழுதும் உழைத்து உடல் நொந்தவன், இரண்டு நாள் விடுமுறை பெற்று, தலையிலே எண்ணெய் தடவி, அருவியின் அடியிலே நின்று, "அப்பாடா!" என்கிறான்.

அந்த "அப்பாடா" நம் காதுக்கு இனிமை. உழைப்பவனுக்கு ஓய்வு உரிமை. அந்த உரிமையை அவன் அனுபவிக்கிறான். குளிக்கட்டும்! களிக்கட்டும்! பிள்ளை குட்டிகளோடு பழமும் பஜ்ஜியும் வாங்கித் தின்று பல்லாண்டு வாழட்டும்!

ஆனால், தோழர்களே, அதே சாலையிலே, அதே சாரலிலே, கூட்டத்தை விலக்கிக்கொண்டு இன்னொருவன் வருகிறான். அவன் தலையிலே எண்ணெய் இல்லை, ஹெல்மெட் இருக்கிறது. தோளிலே துண்டு இல்லை, மூட்டை இருக்கிறது. முதுகை மறைக்கும் அளவுக்குப் பை. பையை மறைக்க ஒரு பிளாஸ்டிக் தாள். அந்தத் தாள் அவனுக்கு அல்ல, பார்சலுக்கு! அவன் நனையலாம். பார்சல் நனையக் கூடாது. அவனுக்குக் காய்ச்சல் வரலாம். பார்சலுக்குக் கறை வரக் கூடாது.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையோரத்து டீக்கடை ஒன்றிலே, மழைக்கு ஒதுங்கிய அந்தத் தம்பியைச் சந்தித்தேன். ஒரு கையில் டீ, மறு கையில் செல். கண் இரண்டும் செல்லில்.

"எந்த ஊர், தம்பி?"

"மேலகரம் அண்ணாச்சி."

"இன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே, வேலையா?"

"ஞாயித்துக்கெழமதான் லோடு சாஸ்தி. ஆளுக எல்லாம் வீட்ல இருப்பாகல்லா?"

"விடுமுறையே கிடையாதா?"

"எடுக்கலாம். வேண்டாம்னு யாரும் சொல்லமாட்டாக. அன்னைக்குப் பைசா வராது. ரெண்டு நாள் சேந்தாப்ல எடுத்தா, மூணாம் நாள் நம்ம ரூட்ட வேற ஆளுக்குக் குடுத்திருவாக. அம்புட்டுதான்."

"இந்த சீசனில் அருவியில் குளித்தாயா?"

சிரித்தான். "எம் மவ ஒண்ணாங் கிளாஸ் படிக்கா. அருவிக்குக் கூட்டிட்டுப் போப்பான்னு தெனமும் கேக்கா. வீட்டுக்கும் அருவிக்கும் எம்புட்டுத் தூரம்? தெனம் நாலு தடவ அந்த வழியாத்தான் போறேன். நின்னு பாக்க நேரமில்ல, அண்ணாச்சி."

ஆயிரம் கல் தொலைவிலிருந்து வருகிறவனுக்கு அருவி கிட்டுகிறது. அருவிக்கு அருகிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அருவி எட்டவில்லை! இடையிலே நிற்பது மலையா? மதிலா? இல்லை. ஒரே ஒரு நாள். சம்பளத்தோடு கூடிய ஒரே ஒரு விடுமுறை நாள்!

"உனக்கு முதலாளி யார், தம்பி?" என்று கேட்டேன். செல்லைத் திருப்பிக் காட்டினான். அவன் பெயருக்குக் கீழே எழுதியிருந்தது: "பார்ட்னர்."

பார்ட்னர்! பங்காளி! நம் ஊரிலே பங்காளி என்றால் பொருள் தெரியும். சொத்திலே பாதி கேட்பான். வரப்புக்கு வழக்குப் போடுவான். கொடுத்தே தீரவேண்டும், அவன் பங்காளி. இந்தப் பங்காளிக்கு எதிலே பங்கு? இலாபத்திலா? இல்லை. கிடங்கிலா? இல்லை. வண்டி அவனுடையது. பெட்ரோல் அவனுடையது. டயர் தேய்ந்தால் செலவு அவனுடையது. வழுக்கி விழுந்தால் வலி அவனுடையது. பார்சல் தொலைந்தால் பழியும் அவனுடையது. நட்டத்திலே முழுப் பங்கு, இலாபத்திலே பங்கே இல்லை என்னும் பங்காளியை இந்த நூற்றாண்டு அல்லவா கண்டுபிடித்திருக்கிறது!

வேலைக்காரன் என்று எழுதினால் விடுமுறை கொடுக்க வேண்டும். பங்காளி என்று எழுதினால் கொடுக்க வேண்டாம். சூட்சுமம் அந்த ஒரு சொல்லிலே இருக்கிறது.

குற்றாலத்திலே ஒரு வழக்கம் உண்டு. மலைமேல் மழை வலுத்து அருவியிலே வெள்ளம் வந்தால், குளிக்கத் தடை போடுவார்கள். காவலர் விசில் ஊதுவார், கூட்டம் கரையேறும். நல்ல ஏற்பாடு, மனித உயிரைக் காக்கும் ஏற்பாடு. ஆனால் அதே மழையிலே, இலஞ்சியிலே, காசிமேஜர்புரத்திலே, செங்கோட்டைச் சாலையிலே பார்சல் சுமந்து ஓடுகிறானே, அவனுக்கு விசில் ஊத யார் இருக்கிறார்கள்? குளிப்பவனுக்குத் தடை உண்டு. குளிரில் நடுங்கி உழைப்பவனுக்குத் தடை இல்லை. "இன்று மழை, வேலையை நிறுத்து; உன் கூலி போகாது" என்று அந்த ஆப்பிலே ஒரு பொத்தான் வைக்க எவருக்கும் மனம் வரவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 80 பார்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மணி நேரம் என்றால் 480 நிமிடம். பார்சல் ஒன்றுக்கு 6 நிமிடம். அந்த 6 நிமிடத்திலே வண்டி ஓட்ட வேண்டும். கதவு எண் தேட வேண்டும். போன் போட வேண்டும். "இதோ வருகிறேன்" என்பவர் வரும்வரை வெயிலிலே நிற்க வேண்டும். ஓடிபி கேட்க வேண்டும். பணம் வாங்க வேண்டும். சில்லறை கொடுக்க வேண்டும். "எனக்கு வேண்டாம், திருப்பிக் கொண்டுபோ" என்பவரிடம் சிரித்த முகத்தோடு விடைபெற வேண்டும். பல இடங்களில் அந்தத் திரும்பிய பார்சலுக்குக் கூலியும் கிடையாது. இதிலே சாப்பாட்டுக்கு நிமிடம் எங்கே? சிறுநீர் கழிக்க நிமிடம் எங்கே? கணக்கிலே இல்லை! எனவே 8 மணி நேரம் 10 ஆகிறது, 10 பிறகு 12 ஆகிறது. துண்டுக் கூலி என்பதன் தந்திரமே இதுதான். மேஸ்திரி சவுக்கெடுக்க வேண்டியதில்லை, வயிறே சவுக்கு!

சரி, சட்டம் என்ன சொல்கிறது? தென்காசிக் கடைத்தெருவிலே ஜவுளிக் கடையில் சேலை மடித்து வைக்கும் தோழனை எடுத்துக்கொள்வோம். 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் அவனுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு தருகிறது. ஓராண்டு வேலை பார்த்தால் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு. நோய்க்கு 12 நாள். தற்செயல் விடுப்பு 12 நாள். 1958ஆம் ஆண்டின் தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைச் சட்டம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என நான்கு நாளும், அவற்றோடு பண்டிகை நாள் ஐந்தும் தருகிறது. அந்த நாட்களில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு மாற்று விடுமுறை. 2021இல் இன்னும் ஒரு திருத்தம் வந்தது: நாளெல்லாம் நின்றுகொண்டே இருக்கும் கடை ஊழியனுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று.

கூட்டிப் பாருங்கள். 52 ஞாயிறு, 9 விடுமுறை, 36 விடுப்பு. மொத்தம் 97 நாள்.

"எல்லாக் கடையிலும் இது நடக்கிறதா?" என்று கேட்பீர்கள். நடக்கவில்லை என்பதை நானும் அறிவேன். ஆனால் நடக்காதபோது நீட்டிக் காட்ட ஒரு சட்டம் இருக்கிறது. மனுக் கொடுக்கத் தொழிலாளர் துறை இருக்கிறது. அந்தக் கடைத் தோழன் மடித்துக் கட்டிய அதே சேலையை வீட்டு வாசலுக்குச் சுமந்து செல்லும் தம்பிக்கு? பங்காளி என்று எழுதிவிட்டார்கள் அல்லவா! 97க்கு எதிரே பூஜ்யம். உட்கார இருக்கை? அவனுக்குத்தான் வண்டி சீட் இருக்கிறதே என்பார்கள் போலும்!

இந்த 97 நாளும் அருவிபோல மலையிலிருந்து தானாக வழிந்ததா? இல்லை, தோழர்களே. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரலாறு உண்டு; ஒவ்வொரு வரலாற்றிலும் கண்ணீர் உண்டு.

தென்காசியும் தூத்துக்குடியும் ஒரே திருநெல்வேலி மாவட்டமாக இருந்த காலம். தூத்துக்குடியிலே வெள்ளையர் நிர்வாகத்தில் கோரல் மில் ஓடிக்கொண்டிருந்தது. வார விடுமுறை என்றால் என்னவென்றே அறியாத தொழிலாளர்கள், 1908 பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலியை உயர்த்து! வாரம் ஒரு நாள் ஓய்வு கொடு! விடுப்பு கொடு! பின்னே நின்றவர் கப்பலோட்டிய வ.உ.சிதம்பரனார், தோள் கொடுத்தவர் சுப்பிரமணிய சிவா. மார்ச் மாதம் பிறந்ததும் நிர்வாகம் பணிந்தது. தொழிலாளிக்கு ஞாயிறு கிடைத்தது. சிதம்பரனாருக்கு? மார்ச் 12 அன்று கைது! பின்னர் சிறையிலே செக்கு! நம் பகுதித் தொழிலாளியின் ஞாயிற்றுக்கிழமைக்கு விலை கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். கிழமையைச் சொல்லும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னே பம்பாய். ஜோதிராவ் புலேயின் வழி வந்தவர் நாராயண் மேகாஜி லோகண்டே. 1884இல் மில் தொழிலாளர்களைக் கூட்டினார். ஞாயிறு ஓய்வு வேண்டும் என்று 5,000க்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். முதலாளிகள் ஏளனம் செய்தார்கள். ஓராண்டா, ஈராண்டா? ஆறாண்டு போராடினார்கள். 1890 ஜூன் 10 அன்று முதலாளிகள் சங்கம் இசைந்தது. மே நாள் கதையோ உங்களுக்குத் தெரியும்: 1886இல் சிகாகோவிலே எட்டு மணி நேர முழக்கம், இரத்தம், தூக்குமேடை. அந்த நாளின் கொடியை 1923இல் சென்னைக் கடற்கரையிலே ஏற்றியவர் சிங்காரவேலர்.

தபால்காரரைப் பாருங்கள். இதே மேலகரத்துத் தெருவிலே தபால்காரர் பார்சல் கொடுக்கிறார். இந்தத் தம்பியும் பார்சல் கொடுக்கிறான். ஒரே கதவு, ஒரே கையெழுத்து, ஒரே நாய் குரைக்கிறது! தபால் துறை ஊழியருக்கு வார ஓய்வு உண்டு, அரசு விடுமுறை உண்டு, ஈட்டிய விடுப்பு உண்டு. சும்மா வந்ததா? 1946இல் நாடு முழுதும் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து வெள்ளை ஆட்சியையே திகைக்க வைத்தார்கள். சங்கம் இருந்தது, சலுகை உரிமையாயிற்று. தம்பிக்குச் சங்கம் இல்லை. உரிமை சலுகையாகக்கூட வரவில்லை.

"அவன் விரும்பிய நேரத்தில் வருகிறான், விரும்பாத நேரத்தில் ஓய்வெடுக்கிறான். சுதந்திரப் பறவை! அவனுக்கு எதற்கு விடுமுறை?" என்று வாதிடுகிறார்கள், குளிர்சாதன அறையிலே உட்கார்ந்திருக்கும் கனவான்கள். பட்டினி கிடக்கும் சுதந்திரம் எவனுக்குத்தான் இல்லை, கனவான்களே? உங்கள் மேலாளர் விடுமுறை எடுத்தால் மாதச் சம்பளம் குறைகிறதா? இந்தப் பறவை ஒரு நாள் சிறகு மடக்கினால் மறுநாள் கூட்டிலே அரிசி இல்லையே!

இதிலே இன்னொரு சிக்கலும் உண்டு. அவன் ஒரு நாள் நின்றால் பார்சல் நிற்காது. இன்று கொடுக்காதது நாளைக்குக் குவியும். நேற்றைய சுமை, இன்றைய சுமை, இரண்டும் சேர்ந்து முதுகை முறிக்கும். ஆகவே தனியொருவன் எடுக்கும் ஓய்வு ஓய்வே அல்ல, அது கடன். எல்லோரும் ஒரே நாளில் நிறுத்தினால்தான் ஓய்வு மெய்யாகவே ஓய்வாகும்.

நடக்கிற காரியமா என்கிறீர்களா? நடந்திருக்கிறது! தென்கொரியாவிலே 1992இல் பார்சல் தொழில் தொடங்கியது. 28 ஆண்டுகள் கழித்து, கொரோனாக் கொடுமையிலே சுமை மலைபோல் ஏறி, 2020ஆம் ஆண்டில் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட பார்சல் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அதிக வேலையே கொன்றது என்று சங்கங்கள் முழங்கின. அந்த ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று பெரிய கம்பெனிகள் பலவும் ஒரே நேரத்தில் வண்டிகளை நிறுத்தின. "பார்சல் இல்லாத நாள்" என்று பெயர். மறுநாள் ஆகஸ்ட் 15 அவர்களுக்கும் விடுதலை நாள்! சேராமல் நழுவிய பெரிய கம்பெனியும் உண்டு. ஆனாலும் வானம் இடிந்து விழவில்லை. வாங்கும் மக்கள் ஒரு நாள் பொறுத்துக்கொண்டார்கள். 2021 ஜூன் மாதம் அடுத்த படி: வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் கூடாது, பார்சல் பிரிக்கும் கூலியில்லா வேலையை ஓட்டுநர் தலையில் கட்டக் கூடாது என்று உடன்பாடு. 60 மணியே அதிகம்தான்! ஆனால் எல்லையே இல்லாதிருந்த இடத்தில் ஓர் எல்லைக்கல் நட்டார்கள்.

இங்கிலாந்திலே நடந்தது நெஞ்சை அறுக்கும். நீரிழிவு நோயாளியான ஒரு பார்சல் ஓட்டுநர். ஒரு நாள் வராமல், மாற்று ஆளும் தராவிட்டால் 150 பவுண்டு பிடித்தம். அதற்கு அஞ்சி மருத்துவமனைக்குப் போகவேண்டிய நாட்களைத் தள்ளிப்போட்டார். 2018 ஜனவரியில் இறந்தார். நாடு கொதித்தது. மூன்று மாதத்துக்குள் அந்தக் கம்பெனி பிடித்தத்தைக் கைவிடுவதாகவும், சம்பளத்தோடு விடுமுறை தரும் ஏற்பாடு செய்வதாகவும் அறிவித்தது. ஓர் உயிர் போனபிறகு! 2021 பிப்ரவரி 19 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஊபர் கார் ஓட்டுநர்கள் வழக்கிலே, காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் கட்டளையிடுவது யார் என்று பார்த்தது. அவர்கள் தொழிலாளர்களே, குறைந்தபட்சக் கூலியும் சம்பளத்தோடு விடுமுறையும் உண்டு என்று தீர்ப்பளித்தது. பங்காளி வேடம் நீதிமன்றத்திலே கலைந்தது!

நம் நாட்டிலே? இப்படிப்பட்ட தொழிலாளர் 2020-21இல் 77 லட்சம் பேர் என்றும், 2029-30இல் 2 கோடியே 35 லட்சம் ஆவார்கள் என்றும் நிதி ஆயோக் 2022இல் கணக்குச் சொன்னது. தமிழ்நாட்டிலே 2023 ஆகஸ்ட் 15 அன்று கோட்டைக் கொத்தளத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இவர்களுக்கென நல வாரியம் அறிவித்தார். அவ்வாண்டே வாரியம் அமைந்தது. 2025இல் சென்னையிலே மாநகராட்சி இவர்களுக்குக் குளிர்சாதன வசதியோடு ஓய்வறை கட்டியது. இந்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. கம்பெனிகள் ஆண்டு வருமானத்தில் 1 முதல் 2 விழுக்காடு வரை நிதி செலுத்த வேண்டும் என்கிறது.

நல்லவை. வரவேற்போம். ஆனால் கூர்ந்து கவனியுங்கள்: வாரியம் விபத்துக்கு உதவும், இறப்புக்கு உதவும். விழுந்தபின் தூக்கும் கை அது. விழாமல் இருக்க வேண்டுமானால் களைப்பு தீர வேண்டும். களைப்பு தீர நாள் வேண்டும். அந்த நாளை இன்னும் எந்தத் தொகுப்பும் இந்தத் தம்பிக்குத் தரவில்லை. இறந்தபின் பணம் தருகிறோம் என்பது நிவாரணம். வாழும்போதே ஞாயிறு தருகிறோம் என்பதுதான் நியாயம்.

ஆகவே நாம் கேட்பது இவைதான். வாரம் ஒரு நாள், முந்தைய மாதங்களின் சராசரி வருமானத்தைக் கூலியாகத் தந்து ஓய்வு. 1958 சட்டத்தின் 9 விடுமுறையும் பங்காளி என்று எழுதப்பட்டவனுக்கும். அன்று வேலை வாங்கினால் இரட்டைக் கூலி. வெள்ள எச்சரிக்கை நாளில் வண்டி நிற்கவேண்டும். ரூட்டைப் பறிக்கக் கூடாது. பார்சல் பிரிக்கும் இடத்திலே குடிநீர், கழிப்பிடம், உட்கார ஒரு பெஞ்சு. சென்னைக்குக் கட்டிய ஓய்வறை, சீசன் முழுதும் ஓடித் திரியும் தென்காசித் தம்பிக்கும் ஒன்று. 2019இல் தனி மாவட்டம் கண்ட ஊருக்கு இது பெரிய வரமா?

கேட்டால் மட்டும் போதுமா? தோழர்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் வார்டில் வண்டி ஓட்டும் தம்பிகளை வாரியத்திலே பதிவு செய்யவையுங்கள். படிப்பகத்துக்கு அழைத்து வந்து இந்த 97 நாள் கணக்கைச் சொல்லுங்கள். கதவைத் தட்டுபவனுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள். அவன் இருக்கும்போதே ஓடிபியைத் தேடாதீர்கள், முன்பே எடுத்து வையுங்கள். மே 1 அன்று காலையிலே கொடியேற்றிவிட்டு மாலையிலே செல்லில் சட்டைக்கு ஆர்டர் போடும் தோழரே, அந்தச் சட்டையைச் சுமப்பவனுக்கும் அது மே நாள்தானே? ஒரு நாள் பொறுங்கள். சட்டை எங்கும் ஓடிவிடாது!

டீ குடித்து முடித்தான் தம்பி. மழை விடவில்லை, ஆனால் செல் விசிலடித்தது. "வாறேன் அண்ணாச்சி" என்றான். வண்டியின் பின்புறச் சிவப்பு விளக்கு சாரலிலே கரைந்து மறைந்தது.

பங்குனி, சித்திரையிலே குற்றாலம் வந்து பாருங்கள், தோழர்களே. பேரருவி மெலிந்து நூலாகி, சில ஆண்டுகளில் அதுவும் நின்று, பாறை மட்டும் வெயிலிலே காய்ந்து கிடக்கும். "ஏன் கொட்டவில்லை?" என்று அருவியை எவரும் கேட்பதில்லை. "இரண்டு நாள் வராததால் உன் இடத்தை வேறு அருவிக்குக் கொடுத்தோம்" என்று எவரும் சொல்வதில்லை. ஆனி பிறந்ததும் அது மீண்டும் கொட்டும் என்று ஊர் காத்திருக்கிறது. கல்லிலே விழும் தண்ணீருக்கே ஓய்வுக் காலம் உண்டு. கல்லும் முள்ளும் கடந்து நம் வாசலுக்கு வரும் மனிதனுக்கு வாரத்தில் ஒரு நாள் இல்லையா?

அடுத்த சீசனிலே, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேலகரத்துத் தம்பி தன் மகளைத் தோளிலே தூக்கிக்கொண்டு அருவியின் அடியிலே நிற்க வேண்டும். அன்றைய கூலி வீட்டில் பத்திரமாக இருக்க வேண்டும். அவன் வாயிலிருந்து வரவேண்டும் அந்த ஒரு சொல்: "அப்பாடா!"

அதுவரை நமக்கும் ஓய்வு இல்லை.